‘கெட்’ என்ற ஒரு வினை, ஏகப்பட்ட வேலை: முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் படிக்காதவர்களுக்குக்கூட ‘கெட்’ தெரியும். கோபம் வந்தால் ‘கெட் அவுட்’, சினிமாவில் ஹீரோ வேஷம் மாற்றினால் ‘கெட்டப்’, பழைய வகுப்புத் தோழர்கள் கூடினால் ‘கெட் டுகெதர்’. ஆனால் பள்ளிக்கூடம் முழுக்க ஆங்கிலம் படித்து வந்த நம்மைப் பேசச் சொன்னால் இந்தச் சொல் மட்டும் வாயில் வராது. “ஐ ரிசீவ்ட் எ மெயில்”, “ஐ பிகேம் டயர்ட்”, “ஐ ரீச்ட் ஹோம்”, “ஐ அண்டர்ஸ்டுட் இட்” என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சொல்லைத் தேடி எடுத்துப் பேசுவோம். இலக்கணப்படி எல்லாம் சரிதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் இந்த நான்கு இடத்திலும் ‘கெட்’டின் இறந்தகாலமான ‘காட்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்.

ஏன் நமக்கு வருவதில்லை? ‘கெட் என்றால் பெறு’ என்று ஒற்றை வரியில் மனப்பாடம் செய்ததுதான் முதல் காரணம். பட்டம் பெறுவது, பிள்ளை பெறுவது தவிர நாம் பேச்சில் ‘பெறு’ என்ற சொல்லையே எடுப்பதில்லை. பிறகு எப்படி அதை நம்பி ‘கெட்’ வரும்?

சரி, அகராதியைத் திறக்கலாம் என்றால் அது இன்னும் மோசம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள் போட்டிருந்தார்கள்; அடுத்த பதிப்புக்காக ‘ரன்’ என்ற வினையைத் திருத்தியபோது 645 பொருள் தேறியது. ‘கெட்’டும் இந்த வகையறாதான். பொருள் பொருளாக எண்ணி மனப்பாடம் செய்கிற வேலை ஆகாது. அதற்குப் பதில் ஒரே ஒரு பழக்கம் போதும்: ‘கெட்’டைப் பார்க்காதீர்கள், அதற்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். பொருள் அங்கேதான் இருக்கிறது. ‘கெட்’ சொல்வதெல்லாம் ‘முன்னே இல்லாத ஒன்று இப்போது வந்து சேர்ந்தது’ என்ற அளவுதான். வந்தது ஒரு சாமானா, ஒரு நிலைமையா, ஓர் இடமா, ஒரு சம்பவமா என்பதைப் பின்னால் வரும் சொல் சொல்லிவிடும்.

படி 1: பின்னால் ஒரு பெயர்ச்சொல் நின்றால்

“ஐ காட் எ லெட்டர்”: கடிதம் வந்தது. “ஐ காட் எ ஜாப்”: வேலை கிடைத்தது. “ஐ காட் எ கோல்ட்”: சளி பிடித்தது. “ஐ காட் தி ஜோக்”: ஜோக் புரிந்தது. “ஐ காட் எ நியூ ஃபோன்”: புது ஃபோன் வாங்கினேன், இல்லையென்றால் யாரோ வாங்கிக் கொடுத்தார்கள்.

கடைசி ஒன்றை விட்டுவிட்டு மற்ற நான்கையும் முழுத் தமிழ் வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். எனக்குக் கடிதம் வந்தது, எனக்கு வேலை கிடைத்தது, எனக்குச் சளி பிடித்தது, எனக்கு ஜோக் புரிந்தது. எல்லாமே ‘எனக்கு’ என்று தொடங்குகின்றன. நம் மொழியில் நமக்கு நேர்கிற விஷயங்களுக்கு நாம் எழுவாயாக நிற்பதில்லை, ‘கு’ போட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். ஆங்கிலக்காரர் அதே இடத்தில் ‘ஐ’ என்று முன்னால் வந்து நின்று ‘கெட்’டைப் போடுகிறார். ஆகவே மனதில் ‘எனக்கு... வந்தது, கிடைத்தது, பிடித்தது, புரிந்தது’ என்று ஒரு வாக்கியம் ஓடினால் அங்கே ‘கெட்’ வருமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் வரும்.

எல்லா ‘எனக்கு’வுக்கும் வராது. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு வேண்டும்’ எல்லாம் ஏற்கெனவே இருக்கிற நிலை. புதிதாக எதுவும் வந்து சேரவில்லை, அதனால் ‘கெட்’டுக்கு அங்கே வேலை இல்லை. அதே மாதிரி ‘எனக்கு ஒரு டவுட் வருது’ என்பதை அப்படியே பெயர்த்து “ஐ ஆம் கெட்டிங் எ டவுட்” என்று சொல்வோமே, அது இந்தியாவுக்குள் எந்த ஊரிலும் புரியும், வெளியே போனால் கேட்கிறவர் ஒரு நொடி முழிப்பார். “ஐ ஹேவ் எ கொஸ்டின்” போதும். “ஐ ஆம் நாட் கெட்டிங் யூ” என்பதும் அப்படித்தான், “ஐ டிட்ன்ட் கெட் தட்” என்றால் இயல்பாக இருக்கும்.

இதே படியில் இன்னொரு உபயோகம், கட்டாயம் பழகவேண்டியது: அடுத்தவருக்காக எடுத்து வருவது. “கேன் யூ கெட் மீ எ காஃபி?” என்றால் எனக்கு ஒரு காபி வாங்கிட்டு வரியா என்று அர்த்தம். ‘ப்ரிங்’ போடலாம், ஆனால் ‘ப்ரிங்’ என்பது கையில் இருப்பதைக் கொண்டு வருவது. ‘கெட்’ என்றால் போய் எடுத்துத் திரும்பி வருவதுவரை எல்லாம் அதில் அடங்கும். “கேன் யூ கெட் தி டோர்?” என்றால் கதவைக் கழற்றி எடுத்து வரச் சொல்லவில்லை, யாரோ தட்டுகிறார்கள், போய்த் திற என்று அர்த்தம். “கெட் தி ஃபோன்” என்றால் அடிக்கிற ஃபோனை எடு.

படி 2: பின்னால் பெயரடை நின்றால்

இங்கே ‘கெட்’ என்றால் ‘ஆகு’. “இட் இஸ் கெட்டிங் டார்க்” என்பதற்கு ‘இருட்டிக்கொண்டு வருகிறது’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. அந்த ‘கொண்டு வருகிறது’தான் ‘கெட்டிங்’. கோபம் வருது என்றால் “ஐ ஆம் கெட்டிங் ஆங்ரி”, பசிக்க ஆரம்பிக்கிறது என்றால் “ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி”, அப்பாவுக்கு வயசாகிறது என்றால் “மை ஃபாதர் இஸ் கெட்டிங் ஓல்ட்”. நோயாளிக்கு அனுப்பும் “கெட் வெல் சூன்” அட்டையிலும் இதே ‘கெட்’தான், சீக்கிரம் நல்லபடியாக ஆகு.

‘பிகம்’ போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம், கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஆனால் ஓர் இடத்தில் மாற்றவே முடியாது: தொழில், பதவி. ‘டாக்டர் ஆகணும்’ என்பதற்கு “ஐ வாண்ட் டு பிகம் எ டாக்டர்” மட்டும்தான். “ஐ வாண்ட் டு கெட் எ டாக்டர்” என்றால் ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று அர்த்தமாகிவிடும். சில கெட்ட மாற்றங்களுக்கு ‘கோ’ வரும்: பால் கெட்டுப்போனால் “தி மில்க் வென்ட் பேட்”, தலை வழுக்கையானால் “ஹி வென்ட் பால்ட்”. நிறம் மாறினால் ‘டர்ன்’. இவற்றுக்கு விதி தேடாதீர்கள், காதில் விழுந்து விழுந்துதான் பழகும்.

படி 3: பின்னால் இடம் நின்றால்

போய்ச் சேர்வது. “வாட் டைம் டிட் யூ கெட் டு தி ஸ்டேஷன்?” நாம் ‘ரீச்’சைப் பிடித்துக்கொண்டிருப்பதால் இங்கே ஒரு குழப்பம் வரும்: ‘ரீச்’சுக்குப் பின்னால் ‘டு’ வராது, ‘கெட்’டுக்குப் பின்னால் வந்தே தீரவேண்டும். ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மாதிரி சொற்களுக்கு அதுவும் வேண்டாம். “ஐ காட் ஹோம் அட் டென்.”

அப்புறம் வண்டி. எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால், அதாவது பஸ், ரயில், விமானம், கப்பல் என்றால், ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. காலைப் போட்டு உட்காரும் சைக்கிள், பைக், குதிரைக்கும் இதேதான். குனிந்து நுழைந்து உட்காரவேண்டிய கார், டாக்ஸி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’. நம் ஊர் ஆட்டோவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

‘கெட் டவுன்’ எங்கே போச்சு? அது நம் ‘இறங்கு’வின் நேர் பெயர்ப்பு. “ஐ வில் கெட் டவுன் அட் தி நெக்ஸ்ட் ஸ்டாப்” என்று நாம் சொல்வது இந்திய ஆங்கிலத்தில் ஊன்றிப்போன ஒரு வழக்கு, அதைத் தப்பு என்று அடித்துத் திருத்த எனக்கு மனசில்லை. ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ பஸ்ஸில் நின்றுகொண்டு இதைச் சொல்லாதீர்கள். அங்கே ‘கெட் டவுன்’ என்றால் மரத்திலிருந்து, கூரையிலிருந்து கீழே இறங்குவது. சத்தமாகச் சொன்னால் தலையைக் குனி, தரையில் படு என்று பொருள். போலீஸ் படங்களில் துப்பாக்கி வெடிக்கும்போது கத்துவார்களே, அதுதான்.

படி 4: பின்னால் வினையின் மூன்றாவது வடிவம் நின்றால்

‘கோ, வென்ட், கான்’ என்று ஒப்பித்தோமே, அதில் மூன்றாவது. பலரும் தடுமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இதில் மூன்று விதம் இருக்கிறது.

முதல் விதம், நமக்கு நேர்ந்தது. “மை பர்ஸ் காட் ஸ்டோலன்”: பர்ஸ் திருட்டுப் போச்சு. “ஹி காட் ஃபயர்ட்”: அவனை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். “ஷி காட் ப்ரமோட்டட்”: அவளுக்கு பதவி உயர்வு கிடைத்தது. ‘வாஸ்’ போட்டாலும் சரிதான், ஆனால் வாசனை வேறு. “தி விண்டோ வாஸ் ப்ரோக்கன்” என்றால் நான் பார்த்தபோது ஜன்னல் உடைந்திருந்தது என்றும் இருக்கலாம், யாரோ உடைத்தார்கள் என்றும் இருக்கலாம். “தி விண்டோ காட் ப்ரோக்கன்” என்றால் ஒரே பொருள்தான்: உடைந்து போச்சு. தமிழில் ‘உடைந்திருந்தது’ என்பதற்கும் ‘உடைந்து போச்சு’ என்பதற்கும் உள்ள அதே வித்தியாசம். நம் ‘போச்சு’ என்ன செய்கிறதோ அதையேதான் இங்கே ‘காட்’ செய்கிறது: ஒரு சம்பவம் நடந்தது, பெரும்பாலும் எதிர்பாராமல், பெரும்பாலும் நமக்கு நஷ்டமாக. நல்லது நடந்தாலும் வரும், ஆனால் எதுவும் நடக்காத நிலைக்கு வராது. ‘நோ’ (தெரிந்திருப்பது), ‘லவ்’ மாதிரி வினைகளோடு இதைச் சேர்க்க முடியாமல் போவது அதனால்தான்.

இரண்டாவது விதம், நாமே செய்துகொள்வது அல்லது போய்ச் சிக்கிக்கொள்வது. ‘கெட் டிரெஸ்ட்’ உடை உடுத்திக்கொள்வது, ‘கெட் லாஸ்ட்’ வழி தவறுவது (யாரையாவது பார்த்து முறைப்போடு சொன்னால் ‘தொலைஞ்சு போ’), ‘கெட் ஸ்டக்’ மாட்டிக்கொள்வது, ‘கெட் மேரிட்’ கல்யாணம் செய்துகொள்வது. இந்தக் கடைசி ஒன்றில் நாம் ‘அவரோடு கல்யாணம்’ என்று நினைத்து ‘வித்’ போட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் ‘கெட் மேரிட் டு’. ‘கெட் யூஸ்ட் டு’ என்றால் பழகிப்போவது, அதன் பின்னால் ‘இங்’ வேண்டும்: “ஐ காட் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்.” முன்னால் இருக்கும் ‘காட்’டை எடுத்துவிட்டு “ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்” என்றால் கதையே மாறிவிடும், முன்பெல்லாம் ராத்திரியில் வண்டி ஓட்டுவேன், இப்போது இல்லை என்று ஆகும்.

மூன்றாவது விதம்தான் முக்கியம்: அடுத்தவரைக் கொண்டு செய்துகொள்வது. ‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்று நாம் சொன்னால் கத்தரி யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். ‘போன வருஷம் வீடு கட்டினேன்’ என்றால் நீங்களே கரண்டி பிடித்தீர்களா என்று கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் “ஐ கட் மை ஹேர்” என்றால் கண்ணாடி முன் நின்று நீங்களே வெட்டிக்கொண்டீர்கள். சலூனுக்குப் போயிருந்தால் “ஐ காட் மை ஹேர் கட்”. பைக்கை மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் “ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்”.

இதில் வரிசை மாறக்கூடாது. ‘காட்’, அப்புறம் சாமான், அப்புறம் வினை. “ஐ காட் ரிப்பேர்ட் மை பைக்” என்று நம்மில் நிறையப் பேர் சொல்வோம். முதல் இரண்டு சொல்லைக் கேட்டதும் ஆளையே ரிப்பேர் செய்துவிட்டார்கள் என்று கேட்பவர் நினைக்கத் தொடங்கியிருப்பார்.

படி 5: பின்னால் ஆள், அதன் பின் ‘டு’

ஒருவரைச் செய்ய வைப்பது. “ஐ காட் ஹிம் டு ஈட்” என்றால் கெஞ்சியோ கொஞ்சியோ, எதையாவது காட்டி ஏமாற்றியோ சாப்பிட வைத்தேன். “ஐ மேட் ஹிம் ஈட்” என்றால் மிரட்டல் தொனி, அவனுக்கு வேறு வழியில்லை. “ஐ ஹேட் தி மெக்கானிக் செக் தி பிரேக்ஸ்” என்றால் அது அவர் வேலை, சொன்னேன், செய்தார். மூன்றுக்கும் தமிழில் ‘வை’ ஒன்றே போதும் என்பதால் நாம் வித்தியாசம் பார்ப்பதில்லை. ‘டு’ வருவது ‘கெட்’டுக்கு மட்டும், ‘மேக்’, ‘ஹேவ்’ இரண்டுக்கும் வராது. இயந்திரத்தோடும் இதே மல்லுக்கட்டு உண்டு. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்றால் “ஐ காண்ட் கெட் தி கார் டு ஸ்டார்ட்.”

படி 6: ‘ஹேவ் காட்’, ‘ஹேவ் காட் டு’, ‘கெட் டு’

மூன்றும் ஒன்றுபோலக் காதில் விழும், பொருள் வேறு.

“ஐவ் காட் டூ சிஸ்டர்ஸ்”: எனக்கு இரண்டு அக்கா. வெறும் ‘ஹேவ்’ தான், ‘காட்’ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பேச்சில், அதுவும் பிரிட்டனில், சர்வ சாதாரணம். “ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்” என்று சொல்லும் பழக்கம் இருந்தால் அந்த இடத்தில் இதைப் போட்டுக்கொள்ளுங்கள். நிகழ்காலத்துக்குத்தான் இது, நேற்றைய கதைக்கு ‘ஹேட்’ மட்டும் போதும். “டூ யூ ஹேவ் காட்” என்று கேட்கக் கூடாது, “ஹேவ் யூ காட் எ பென்?” என்றோ “டூ யூ ஹேவ் எ பென்?” என்றோ கேட்கவேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது.

“ஐவ் காட் டு மீட் ஹிம்”: அவரைப் பார்த்தே ஆகணும். “ஐ காட் டு மீட் ஹிம்”: அவரைப் பார்க்கக் கொடுத்து வைத்தது, வாய்ப்பு கிடைத்தது. நடுவில் ஒரு ‘வ்’ தான் வித்தியாசம். வேகமான பேச்சில் அந்த ‘வ்’வும் உதிர்ந்து ‘ஐ காடா கோ’ என்று வந்து நிற்கும், அப்போது இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ளவேண்டும். அமெரிக்கர்கள் நடுவில் வரும் ‘ட்’டை மென்மையாக்கிவிடுவதால் ‘கெட் அப்’ அவர்கள் வாயில் ‘கெடப்’ ஆகும், ‘கெட் இட்’ ‘கெடிட்’ ஆகும். சப்டைட்டில் இல்லாமல் படம் பார்க்கும்போது இது தெரிந்திருந்தால் பாதி குழப்பம் போய்விடும்.

அமெரிக்கர்கள் ‘காட்டன்’ என்று ஒரு வடிவமும் வைத்திருக்கிறார்கள். பருத்தி இல்லை, ‘கெட்’டின் மூன்றாவது வடிவம். “ஐவ் காட் எ கார்” என்றால் அங்கே கார் இருக்கிறது, “ஐவ் காட்டன் எ கார்” என்றால் புதிதாக வாங்கியிருக்கிறேன். பிரிட்டனில் இது பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. நம் பள்ளிப் புத்தகம் பிரிட்டன் வழி வந்ததால் நாமும் இதைத் தப்பு என்றே நினைக்கிறோம். ஆனால் பழைய வடிவம் இதுதான். ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லில் பிரிட்டிஷ்காரர்களே இன்றுவரை அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். ‘ஃபர்கெட்’டுக்குள் இருப்பதும் இதே வேர்தான். தனிச் சொல்லாக நிற்கும் ‘கெட்’ மட்டும், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் ‘கெட்டா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘டேக்’கும் அவர்கள் கொடுத்ததுதான்.

படி 7: பின்னால் துணுக்குச் சொல் நின்றால்

‘கெட் ஓவர்’, ‘கெட் பை’ வகை. பட்டியல் போட்டால் முடியாது, போட்டாலும் நினைவில் நிற்காது. அடிக்கடி வருவதை மட்டும் பிடியுங்கள். காய்ச்சலிலிருந்தோ காதல் தோல்வியிலிருந்தோ மீண்டு வருவது ‘கெட் ஓவர்’. இருப்பதை வைத்து ஓட்டுவது ‘கெட் பை’, மாசக் கடைசியில் எல்லோரும் செய்வது. மாமியாரும் மருமகளும் ஒத்துப்போனால் ‘கெட் அலாங்’. தப்பு செய்துவிட்டு மாட்டாமல் நழுவுவது ‘கெட் அவே வித்’. ஒழித்துக்கட்டுவது ‘கெட் ரிட் ஆஃப்’. பண்ணணும் பண்ணணும் என்று தள்ளிப்போட்ட வேலைக்கு ஒருவழியாக நேரம் ஒதுக்குவது ‘கெட் அரவுண்ட் டு’. ‘கெட் த்ரூ’ என்றால் கடந்து போவது. ஃபோன் லைன் கிடைத்தாலும், பரீட்சையில் தேறினாலும், கஷ்ட காலத்தைத் தாண்டினாலும் அதுதான்.

“ஐ வில் கெட் பேக் டு யூ” என்பது அலுவலகத்துக்கு மிக அவசியமானது, விசாரித்துவிட்டு அப்புறம் சொல்கிறேன் என்று பொருள். (சொல்லுவாரா என்பது வேறு விஷயம்.) நம் அலுவலகங்களில் இதற்கு “ஐ வில் ரிவர்ட்” என்பார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது அதைத் தவிர்ப்பது நல்லது, அவர்களுக்கு ‘ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்கே திரும்பிப் போவது.

படி 8: எங்கே போடக்கூடாது

ஆராய்ச்சிக் கட்டுரை, ஒப்பந்தம், நீதிமன்ற மனு, மேலதிகாரிக்கு எழுதும் முறையான கடிதம் இவற்றில் ‘கெட்’டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பிகம்’, ‘அரைவ்’ எல்லாம் தத்தம் இடத்தில் நிற்கட்டும். பள்ளியில் ‘கெட்’ போட்டால் ஆசிரியர்கள் சிவப்பு மை தீட்டியது இதற்காகத்தான், அதில் தப்பில்லை. எழுத்துக்குச் சொன்னதைப் பேச்சுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டதுதான் நாம் செய்தது. சக ஊழியருக்கு அனுப்பும் சாட், குழந்தையோடு பேச்சு, கடையில் பேரம் எல்லா இடத்திலும் ‘கெட்’ தாராளமாக வரலாம்.

படி 9: பழகுவது

ஒரு மழைக்கால சாயங்காலத்தை மனதில் ஓட்டுங்கள், முதலில் தமிழில். ஆபீஸிலிருந்து கிளம்ப லேட் ஆயிடுச்சு. இருட்டிக்கிட்டு வந்தது. பஸ் கிடைக்கலை. மழையில நனைஞ்சுட்டேன். டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். ஒன்பது மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன். பையனைத் தூங்க வைக்க முடியலை. குடையை ரிப்பேர் பண்ணக் குடுக்கணும்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேலே சொன்ன எந்தப் படி பொருந்தும் என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொன்னபிறகு இதோடு ஒப்பிடுங்கள்: “இட் காட் லேட் அட் ஒர்க். இட் வாஸ் கெட்டிங் டார்க். ஐ குட்ன்ட் கெட் எ பஸ். ஐ காட் வெட். ஐ காட் ஸ்டக் இன் டிராஃபிக். ஐ டிட்ன்ட் கெட் ஹோம் டில் நைன். ஐ குட்ன்ட் கெட் மை சன் டு ஸ்லீப். ஐவ் காட் டு கெட் மை அம்ப்ரெல்லா ஃபிக்ஸ்ட்.” கடைசி வாக்கியத்தில் இரண்டு தடவை வருகிறது பாருங்கள்: முதலில் வருவது ஆறாம் படி, இரண்டாவது நான்காம் படியின் மூன்றாவது விதம்.